எல்லோரும் பார்க்கிற சீரிஸ் எதுக்கு? உங்களுக்குப் புரிகிற சீரிஸ் போதும்!

"இங்கிலீஷ் வரணுமா? தினம் ஹிந்து பேப்பர் படி." இது போன தலைமுறைக்குக் கிடைத்த அறிவுரை. "இங்கிலீஷ் வரணுமா? சப்டைட்டில் போட்டு சீரிஸ் பாரு மாப்ள." இது இந்தத் தலைமுறைக்குக் கிடைக்கும் அறிவுரை. சொல்கிறவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டிலும் ஒரே ஓட்டை. பேப்பரில் எந்தப் பக்கம், ஓடிடியில் எந்த சீரிஸ் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ப்ளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்த பையன் ஹிந்துவின் தலையங்கப் பக்கத்தை விரித்து, முதல் பத்தியிலேயே பதினைந்து வார்த்தைக்கு அடிக்கோடு போட்டு, மூன்றாம் நாள் பேப்பரை மடித்து வைத்த கதை தமிழ்நாட்டில் தெருவுக்கு நாலு இருக்கும். இப்போது அதே கதை மொபைலில் நடக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சும்மா பொழுதுபோக்குக்கு சீரிஸ் பார்க்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் பார்க்கட்டும். ஆனால் மொழி கற்கவென்று பார்க்கிறவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. நெய்க்காரப்பட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழனிக்கு மேற்கே, உடுமலைப்பேட்டை போகிற ரோட்டில் இருக்கிற பேரூராட்சி. சுற்றிலும் கரும்பு, தென்னை, வெல்லம் காய்ச்சுகிற ஆலைகள். பழனியில் ஒரு கலைக் கல்லூரி, பக்கத்தில் சின்னக்கலையம்புத்தூரில் ஒரு மகளிர் கல்லூரி. இங்கே பி.காம் முடிக்கிற ஒருவருக்கு முன்னால் பெரும்பாலும் மூன்று பஸ் நிற்கிறது.

ஒன்று கோயம்புத்தூர் பஸ். அங்கே இன்டர்வியூ இங்கிலீஷில். இரண்டாவது திருப்பூர் பஸ். பனியன் கம்பெனி ஆபீஸில் வெளிநாட்டு பையருக்கு மெயில் அடிக்க இங்கிலீஷ் வேண்டும், தையல் ஃப்ளோரில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களோடு பேச இந்தி வேண்டும். மூன்றாவது பழனி அடிவாரம். மலைக்கு வருகிற கூட்டத்தில் கேரளாக்காரர்கள் நிறைய. கடை வைத்தால் மலையாளம் இல்லாமல் வியாபாரம் இல்லை. ஆக, இங்கே இன்னொரு மொழி என்பது ஹாபி இல்லை. சம்பளம்.

(இந்தி என்றதும் சண்டைக்கு வர வேண்டாம். திணிப்பதை எதிர்ப்பது வேறு. ஒருவர் தன் வேலைக்காகத் தானே ஒரு மொழியைக் கற்பது வேறு. திருப்பூரில் தமிழ் கற்றுக்கொள்கிற பீகார் தம்பிக்கும் கீழே சொல்லியிருப்பது எல்லாம் பொருந்தும்.)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2016 ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் ஜியோ. டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோ. ஒரே வருடத்தில் டேட்டாவும் வந்தது, பார்க்க சரக்கும் வந்தது. அதற்கு முன் இங்கிலீஷ் பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் கேபிள்காரர் தயவு வேண்டும். இப்போது இல்லாதது ஒன்றே ஒன்று, தேர்ந்தெடுக்கத் தெரிவது.

வழக்கமாக எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? எல்லோரும் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள் என்று பீக்கி பிளைண்டர்ஸ் ஆரம்பிக்கிறார்கள். அது முதல் உலகப் போர் முடிந்த காலத்து பர்மிங்காம் நகரத்து ரவுடிக் கும்பலின் கதை. பாதி வசனம் முணுமுணுப்பு, மீதி உள்ளூர் பாஷை. இங்கிலாந்திலேயே வேறு ஊர்க்காரர்கள் சப்டைட்டில் தேடுகிற ரகம். மதுரைப் பக்கத்துக் கிராமத்துப் பேச்சை வைத்து ஒரு டெல்லிக்காரர் தமிழ் கற்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

மூன்று எபிசோடு முடிவில் கிடைப்பது நாலு கெட்ட வார்த்தையும், தொப்பியை இழுத்துவிடுகிற ஸ்டைலும். அதோடு போனால்கூட பரவாயில்லை. அதற்குப் பிறகு ஒரு முடிவு வருகிறதே, அதுதான் விஷம். "நமக்கெல்லாம் இங்கிலீஷ் வராதுடா."

பி.காம் முதல் வருடம் படித்தவர்களுக்குத் தெரியும், ஒரு கணக்கில் எழுத வேண்டிய பற்றை இன்னொரு கணக்கில் எழுதினால் என்ன ஆகும் என்று. கூட்டினால் இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருக்கும், தப்பு வெளியே தெரியாது. இங்கேயும் அதேதான். தப்பு சீரிஸைத் தேர்ந்தெடுத்ததில். பற்று எழுதப்படுவதோ அந்தப் பையனின் மூளைக் கணக்கில். அவனும் அதை நம்பிக்கொண்டு, இன்டர்வியூ ஹாலில் கடைசி வரிசையில் போய் உட்காருகிறான்.

இப்போது ஒரு சின்ன கணக்கு.

ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் என்று இரண்டு ஆய்வாளர்கள் 2009-இல் ஒரு வேலை செய்தார்கள். 88 பிரிட்டிஷ், அமெரிக்க டிவி நிகழ்ச்சிகளின் வசனங்களை எடுத்து, மொத்தம் 2,64,384 வார்த்தைகளையும் கம்ப்யூட்டரில் போட்டு அலசினார்கள். அதிகம் புழங்குகிற 3,000 சொற்குடும்பங்களும் ஆள், ஊர்ப் பெயர்களும் தெரிந்திருந்தால், சுமார் 95 சதவீத வசனம் தெரிந்த வார்த்தையாக இருக்கும். 98 சதவீதம் வேண்டுமென்றால் 7,000 குடும்பம். சொற்குடும்பம் என்றால் ஒன்றுமில்லை, பே, பெய்ட், பேமென்ட் எல்லாம் ஒரே குடும்பம், ஒரே ரேஷன் கார்டு. நிகழ்ச்சியின் வகையைப் பொறுத்து இந்த 3,000 என்பது 2,000 ஆகவும் இறங்கும், 4,000 ஆகவும் ஏறும் என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. தேர்ந்தெடுப்பதன் மகிமை அங்கேதான்.

வகுத்துப் பார்த்தால் ஒரு நிகழ்ச்சிக்குச் சுமார் 3,000 வார்த்தை வருகிறது. 25 நிமிட எபிசோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 95 சதவீதம் தெரிந்தவருக்குத் தெரியாதது 150 வார்த்தை, அதாவது நிமிடத்துக்கு ஆறு. சமாளிக்கலாம். படத்தைப் பார்த்தே ஊகிக்கலாம். 80 சதவீதம் தெரிந்தவருக்கு? தெரியாதது 600. நிமிடத்துக்கு 24. இரண்டரை நொடிக்கு ஒருமுறை தடுக்கி விழுகிறவர் எங்கே கதையைப் பார்ப்பது, எங்கே மொழியைக் கற்பது? 80 என்பது பரீட்சையில் டிஸ்டிங்க்ஷன். சீரிஸில் அது ஃபெயில்.

அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் இதைத்தான் 1980-களில் வேறு மாதிரி சொன்னார். இப்போது இருக்கிற நிலைக்கு ஒரே ஒரு படி மேலே இருக்கிற பேச்சைக் கேட்டு, அது புரியும்போதுதான் மொழி உள்ளே இறங்குகிறது என்றார். ஒரு படி. பழனி மலையை ஒரே தாவில் ஏறச் சொல்லவில்லை.

சரி, தன் நிலைக்கு ஏற்றதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 3,000 வார்த்தையை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஐந்து நிமிடம் போதும். சப்டைட்டில் இல்லாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். நிறுத்துங்கள். யார், எங்கே, என்ன பிரச்சினை என்று தமிழில் நாலு வரி சொல்ல முடிகிறதா? முடிந்தால் அதுதான் உங்கள் சீரிஸ். யார் யாரென்றே தெரியவில்லையா? மூடிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு வார்த்தை விடாமல் எல்லாம் புரிகிறதா? அதையும் மூடிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

இந்த ஐந்து நிமிடப் பரீட்சையை நேர்மையாக எழுதினால், நிறைய பேருக்கு முதல் படியாக வந்து நிற்பது குழந்தைகள் நிகழ்ச்சிதான். பெப்பா பிக். 2004-இல் இங்கிலாந்தில் ஆரம்பித்த கார்ட்டூன். ஒரு எபிசோடு ஐந்து நிமிடம். சின்ன சின்ன வாக்கியம். எதைப் பற்றிப் பேசுகிறார்களோ அது திரையில் இருக்கும். அடுத்த படிக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து 2018-இல் வந்த புளூயி. ஏழு நிமிடம். அதில் அப்பா, அம்மா, பிள்ளைகள் வீட்டில் பேசிக்கொள்கிற இங்கிலீஷ் அப்படியே இருக்கிறது. "அதைச் செய்யட்டுமா", "கொஞ்சம் பொறு", "யார் முறை இப்போ" மாதிரி வாக்கியங்கள். இன்டர்வியூவில் தடுமாறுகிறவர்கள் பெரிய வார்த்தையில் தடுமாறுவதில்லை. இந்த மாதிரிச் சின்ன வாக்கியத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

"இருபது வயசுல பன்னிக்குட்டி கார்ட்டூனா?" என்று ஹாஸ்டலில் சிரிப்பார்கள்தான். சிரிக்கிறவர்களிடம் அந்த ஐந்து நிமிடப் பரீட்சையை வைத்துப் பாருங்கள். பாதிப் பேர் எஸ்கேப் :-)

ஆனால் குழந்தைகள் நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் மருந்து என்று ஜல்லியடிப்பதும் தப்பு. பெப்பா பிக்கில் இன்வாய்ஸ் வராது, டெலிவரி லேட் ஆனதற்கு மன்னிப்புக் கேட்கிற காட்சி வராது. அதனால் அடுத்த விதி: தெரிந்த விஷயத்தைத் தெரியாத மொழியில் பார்ப்பது.

கிரிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஐபிஎல்லை ஜியோசினிமா 12 மொழிகளில் ஒளிபரப்பியது. ஒரே பந்து, 12 வர்ணனை. பந்து எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஃபீல்டர் ஏன் பின்னால் ஓடுகிறார் என்பது எட்டு வயதிலிருந்தே தெரியும். அப்போது வர்ணனையாளர் சொல்வது தானாகப் புரிகிறது. அதே மேட்ச்சின் ஹைலைட்ஸை மறுநாள் இங்கிலீஷில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை பார்த்தால் ஐம்பது ரூபாய் கைடு சொல்லித்தராததைச் சொல்லித்தரும். காமர்ஸ் மாணவர்களுக்கு இன்னொன்று, 2020-இல் சோனி லிவ்வில் வந்த ஸ்கேம் 1992. ஹர்ஷத் மேத்தா கதை. பங்குச் சந்தையும் பேங்க் ரசீது மோசடியும் பாடத்தில் படித்தவருக்கு, அந்த இந்தி மற்றவர்களை விடச் சீக்கிரம் பிடிபடும்.

தெரிந்த விஷயத்தை விட உசத்தி, தெரிந்த கதை. இதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. தூர்தர்ஷனில் ராமாயணம் 1987-88-இல் வந்தது, மகாபாரதம் 1988-90-இல் வந்தது. இரண்டும் இந்தி. இந்தி ஒரு எழுத்துத் தெரியாத வீடுகளில்கூட ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவி முன்னால் கூட்டம். எப்படிப் பார்த்தார்கள்? அடுத்து யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்பது முன்னாலேயே தெரியும். கதை தெரிந்தால் பாஷை பாதி தெரிந்த மாதிரி.

அப்புறம் ஏன் அந்தத் தலைமுறை இந்தி பேசவில்லை என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அவர்களுக்கு மிஞ்சியது "பிதாஸ்ரீ", "மாதாஸ்ரீ". டீக்கடையில் போய் யாரும் அந்த இந்தியில் டீ கேட்க முடியாது. ஆக கதை தெரிந்தால் மட்டும் போதாது, அந்தப் பேச்சு இன்றைக்கு யாராவது பேசுகிற பேச்சாகவும் இருக்க வேண்டும்.

இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் ரீமேக். பிரைமில் 2020-இல் பஞ்சாயத் என்று ஒரு இந்தி சீரிஸ் வந்தது. இன்ஜினியரிங் முடித்த பையன் வேறு வேலை கிடைக்காமல் ஒரு குக்கிராமத்துக்குப் பஞ்சாயத்துச் செயலராகப் போகிற கதை. அதையே 2024-இல் தலைவெட்டியான் பாளையம் என்று தமிழில் எடுத்தார்கள். 2025-இல் சிவரப்பள்ளி என்று தெலுங்கில். முதலில் தமிழில் பாருங்கள், சிரியுங்கள், முடியுங்கள். பிறகு அதே எபிசோடை இந்தியில் போடுங்கள். காட்சி தெரியும், சண்டை எதற்கென்று தெரியும், காது மட்டும் வேலை செய்தால் போதும். கிராமத்துப் பேச்சு கொஞ்சம் கலந்திருக்கும்தான். ஆனால் திருப்பூர் ஃப்ளோரில் காதில் விழுவதும் புத்தக இந்தி இல்லையே!

மலையாளத்துக்கு இன்னும் சுலபம். 2013-இல் வந்த த்ருஷ்யம், 2015-இல் வந்த பாபநாசம், இரண்டையும் இயக்கியவர் ஒரே ஜீத்து ஜோசப். பாபநாசத்தைப் பத்துத் தடவை டிவியில் பார்த்தவருக்கு த்ருஷ்யம் கிட்டத்தட்ட கோனார் நோட்ஸ் போட்ட பாடப்புத்தகம். 2024-இல் வந்த மஞ்சும்மல் பாய்ஸ் திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொந்த ஊர்க் கதை மாதிரி. கொடைக்கானல் குணா குகையில் 2006-இல் நடந்த சம்பவம். மலையாளமும் தமிழும் கலந்தே வரும். அது டப்பிங் இல்லாமல் தமிழ்நாட்டில் பிய்த்துக்கொண்டு ஓடியது எதைக் காட்டுகிறது? பாதி புரிந்தால் மீதியை மக்கள் தாங்களே இட்டு நிரப்பிக்கொள்வார்கள் என்பதைத்தான்.

டப்பிங் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மணி ஹைஸ்ட் பார்த்து இங்கிலீஷ் கற்கிறேன் என்பவர்கள் உண்டு. அது ஸ்பானிஷ் சீரிஸ் சாமி! அதன் இங்கிலீஷ் டப்பிங் உதட்டசைவுக்காக ஒரு மாதிரி எழுதப்படும், சப்டைட்டில் வேறு மாதிரி எழுதப்படும். பல இடங்களில் காது ஒன்று கேட்கும், கண் வேறொன்று படிக்கும். கற்கிற மொழியிலேயே எடுத்த நிகழ்ச்சிதான் நல்லது.

சப்டைட்டில் என்றதும் அடுத்த பஞ்சாயத்து. எந்த மொழியில் வைப்பது? ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்வீன் என்ற இருவர் 2009-இல் நெதர்லாந்து மாணவர்களுக்கு ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய இங்கிலீஷ் நிகழ்ச்சிகளைப் போட்டுக் காட்டிச் சோதித்தார்கள். இங்கிலீஷ் சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அந்த உச்சரிப்பு பழகியது. தாய்மொழி சப்டைட்டிலோடு பார்த்தவர்கள், அதே ஆள் புதிதாகப் பேசியதைப் புரிந்துகொள்வதில் பின்தங்கினார்கள். கண் தாய்மொழியைப் படிக்கும்போது காது லீவு எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இந்தியாவிலும் இதற்கு ஒரு கதை இருக்கிறது. பிரிஜ் கோத்தாரி 1996-இல் அமெரிக்காவில் ஒரு ஸ்பானிஷ் படம் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருந்தவருக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் இடைஞ்சலாக இருந்தது. ஸ்பானிஷிலேயே சப்டைட்டில் இருந்தால் என்ன என்று தோன்றியது. அந்த யோசனையை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, அகமதாபாத் ஐஐஎம்மில் இருந்தபடி, சித்ரஹார், ரங்கோலி மாதிரி தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளின் சினிமாப் பாட்டுக்கு அதே மொழியில் வரி ஓடவைத்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் பாட்டோடு சேர்ந்து படிக்கட்டும் என்பதற்காக. மனப்பாடமான பாட்டு, கண்ணெதிரே எழுத்து. மறுபடியும் அதே விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு.

"ஃப்ரெண்ட்ஸ் பார்த்தே பி.டி.எஸ் ஆர்.எம் இங்கிலீஷ் கத்துக்கலையா?" என்று ரசிகர் படை கேட்கும். கற்றுக்கொண்டார்தான். 2017-இல் எலன் டிஜெனரஸ் நிகழ்ச்சியில் அவரே சொன்னார். ஆனால் எப்படிச் சொன்னார் என்பதைப் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். அம்மா வாங்கித் தந்த டிவிடியை முதலில் கொரிய சப்டைட்டிலோடு பார்த்தார். அடுத்து இங்கிலீஷ் சப்டைட்டிலோடு. அப்புறம் சப்டைட்டில் இல்லாமல். அதாவது இரண்டாம் தடவை பார்க்கும்போது கதை தெரிந்த கதை. கஷ்டமான சீரிஸைத் தன் படிக்கு இறக்கிக்கொண்டார். பத்து சீசன், 236 எபிசோடு, அதில் திரும்பத் திரும்ப. ஒரு தடவை பார்த்துவிட்டு ஸ்டேட்டஸ் போடுகிறவர்களுக்கு அது வராது.

கடைசியாக, நியாயமான ஒரு எதிர்க்கேள்வி. பார்த்துக்கொண்டே இருந்தால் பேச வருமா? வராது. கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த இங்கிலீஷ் பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வைன் 1985-இலேயே இதைச் சொல்லிவிட்டார். வருடக்கணக்கில் கேட்ட பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்தது, பேச்சில் மட்டும் தடுமாற்றம் போகவில்லை. வாயைத் திறக்க வேண்டியது தனி வேலை. அதற்காகத்தான் சின்ன எபிசோடு, புரிகிற எபிசோடு. ஒரு வாக்கியத்தில் நிறுத்தி, சத்தமாகத் திருப்பிச் சொல்லிப் பார்க்கலாம். பர்மிங்காம் ரவுடியின் முணுமுணுப்பை யாராலும் திருப்பிச் சொல்ல முடியாது. புளூயியின் அப்பா சொல்வதைச் சொல்லலாம். அதை மறுநாள் நண்பனிடமும் சொல்லலாம். சிரித்தால் சிரிக்கட்டும்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸுக்கு அப்பாவிடம் பணம் கேட்கிற வசதி எல்லோருக்கும் இல்லை. கரும்பு வெட்டி, வெல்லம் காய்ச்சிப் படிக்கவைக்கிற வீட்டில் மொபைலும் தினசரி டேட்டாவும் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த டேட்டாவைப் பந்தாவுக்குச் செலவழிப்பதா, படி ஏறச் செலவழிப்பதா என்பதுதான் கேள்வி. எந்த சீரிஸ் பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறதா? அநேகமாக அதுதான் சரியான சீரிஸ்.

டிஸ்கி: பெப்பா பிக் பார்க்கும்போது மாட்டிக்கொண்டால், "அக்கா குழந்தைக்கு டவுன்லோடு பண்றேன்" என்று சொல்லித் தப்பிக்கலாம். அதையும் இங்கிலீஷிலேயே சொல்லிப் பழகவும் :-)